நூற்று இருபத்தேழு பல்லுச் சில்லு

நான் ஓய்வு பெற்ற அன்று பின்னேரம், தேநீரும் வடையும் முடிந்த பிறகு, சாம்பல்தீவிலிருந்து வந்த ஒருவரும் நானும் பட்டறை மேசையில் இரண்டு பழைய பல்லுச் சில்லுகளை, அதாவது பற்சக்கரங்களை, பொருத்திக் கையால் சுற்றிக்கொண்டு நின்றோம். எங்கள் வேலைத்தளத்துப் பெடியன்கள் அதைப் பார்த்தார்கள். அவர் போனபின் ஒருவன் கேட்டான்: “அண்ணை, அது ஆர்? என்ன விளையாட்டு அது?” எனக்கு ஆட்களுக்கு முன்னால் பேச வராது. “பிறகு சொல்லுறன்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டில் இருந்து யோசித்தபோது சொல்லத்தான் வேண்டும் என்று பட்டது. அதனால் எழுதுகிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தைக் கொடுத்துவிட்டுப் போனபின் அவர்களுடைய சில மெசின்கள் கைமாறி, துறைமுகத்தடி வேலைத்தளங்களுக்கு வந்தன. எங்களிடம் வந்தது இரும்பு கடையும் லேத்து ஒன்று. அதனோடு ஒரு பெட்டி நிறையப் பல்லுச் சில்லுகளும் வந்தன. நான் முதலில் கூட்டினேன், அரத்தால் ராவினேன், உளி தீட்டினேன். பிறகு லேத்தில் நின்றேன். பழகிய காலத்தைப் பற்றி அதற்குமேல் எழுத ஒன்றுமில்லை.

லேத்தில் புரி, அதாவது திருகில் சுற்றிச் சுற்றி ஓடும் பள்ளம், வெட்டுவது எப்படி என்று தெரியாதவர்கள் இதைப் படிக்கலாம். அவர்களுக்காகச் சொல்கிறேன். இரும்புக் கோல் நின்ற இடத்தில் சுற்றும். உளி அதன் ஓரமாக நகரும். உளியைச் சுமக்கும் பகுதியை நாங்கள் வண்டி என்போம். லேத்தின் முன்பக்கத்தில் ஒரு நீளத் திருகு ஓடுகிறது. லீவரை அழுத்தினால் வண்டி அந்தத் திருகைக் கவ்விக்கொண்டு அதனோடு போகும். தூக்கினால் விட்டுவிடும். அழுத்துவதை மூடுவது என்றும் தூக்குவதைத் திறப்பது என்றும் சொல்வோம். கோல் ஒரு சுற்றுச் சுற்றும்போது வண்டி எவ்வளவு நகர வேண்டும் என்பது நாங்கள் மாட்டும் பல்லுச் சில்லுகளைப் பொறுத்தது. புரி ஒரே வெட்டில் முடியாது. ஒரே பள்ளத்தில் உளி மெல்ல மெல்லப் பல தரம் போய்வர வேண்டும். ஒவ்வொரு தரமும் அதே பள்ளத்தில் விழவேண்டும். இந்த வேலையின் உயிர் அதில்தான் இருக்கிறது.

எங்கள் லேத்து அங்குல லேத்து. அங்குலப் புரியென்றால் சிரமமில்லை. வண்டியில் சின்ன மணிக்கூடு போல ஒரு முகம் உண்டு, அதில் இலக்கங்கள். வெட்டு முடிந்ததும் லீவரைத் தூக்கி, வண்டியைக் கையால் பின்னுக்குத் தள்ளி, இலக்கம் ஒன்று கோட்டுக்கு நேரே வரும்போது லீவரை அழுத்தினால் உளி தவறாமல் பழைய பள்ளத்தில் விழும். கதைத்துக்கொண்டே செய்வோம். கை தானாகச் செய்யும்.

மில்லிமீற்றர் புரி வந்தால் கதை வேறு. சுவரில் ஆணிகளில் சில்லுகள் வரிசையாகத் தொங்கின: இருபது பல்லு, இருபத்தைந்து, முப்பது என்று நூற்று இருபது வரைக்கும். கடைசி ஆணியில் மட்டும் வரிசைக்குச் சேராத ஒன்று தொங்கியது. அதற்கு நூற்று இருபத்தேழு பல்லு. மாட்டினால் லேத்தின் பக்க மூடி மூடாது. அவ்வளவு பெரிது. மில்லிமீற்றர் புரி வெட்ட அது கட்டாயம் வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும். ஏன் என்று தெரியாது. கேட்கவும் இல்லை.

அந்தச் சில்லு ஏறிவிட்டால் எங்கள் போர்மன் ஹனிபா ஒரு காரியம் செய்வார். அவர் கிண்ணியாக்காரர். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. பிழையான வேலையைக் கண்டால் அதைக் கையில் எடுத்துப் பெருவிரலால் தடவிப் பார்த்து, “இது ஆர்ட?” என்று மட்டும் கேட்பார். யாருடைய வேலை என்ற அந்தக் கேள்விக்கு எல்லோரும் பயம். மில்லிமீற்றர் வேலைக்கு உளியை அவரே வைப்பார். லீவரை அழுத்துவார். பிறகு சட்டைப் பையிலிருந்து தன் லேஞ்சியை, கைக்குட்டையை, எடுத்து, லீவரைத் தூக்க முடியாதபடி சுற்றி முடிச்சுப் போடுவார். வேலை முடியும்வரை அந்த முடிச்சை அவரைத் தவிர ஒருவரும் அவிழ்க்கக் கூடாது. ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் உளியைப் பின்னுக்கு எடுத்து, லேத்தையே மறுபக்கம் சுற்றவிட்டு, வண்டி கவ்வின கவ்வலோடு திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டும்.

“லேத்துக்குத் தாலி ஏறீட்டுது. இனி ஆரும் தொடக்கூடாது” என்பான் தங்கராசா.

“தாலி உங்கட ஆக்களுக்கு, தம்பி. இது லேஞ்சி. ஊட்டில கழுவித் தந்தது. எண்ணெய்க் கையால தொட்டிராதீங்க” என்பார் போர்மன், சிரிக்காமல்.

தங்கராசா சாம்பல்தீவுக்காரன். என்னோடு ஒரே காலத்தில் வேலைக்கு வந்தவன். கை வேலையில் என்னைவிடக் கெட்டிக்காரன். இதை இப்போது அவனைப் பற்றி நல்லதாகச் சொல்லவேண்டும் என்பதற்காக எழுதவில்லை; அப்போதும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இருவரும் தற்காலிகம். அந்த வருடம் ஒரே ஒரு நிரந்தர இடம் இருந்தது. போர்மன் தங்கராசாவின் பெயரைத்தான் சொல்லியிருந்தார். மனேச்சரும் ஒத்துக்கொண்டு, “அந்த லோஞ்சு வேலையை அவன் ஒப்பேற்றட்டும், எழுதிப்போடுவம்” என்றார். அவன் மனைவி அப்போது முழுகாமல் இருந்தாள். தலைப்பிள்ளை. நிரந்தரமானால் பிள்ளைக்குத் தொட்டில் வாங்குவதா, வீட்டுக்கு ஓடு போடுவதா என்று மத்தியானங்களில் என்னோடு வாதாடுவான்.

லோஞ்சு வேலை என்பது ஒரு சுக்கான் கோல். மூதூர்ப் பக்கம் சாமான் ஏற்றிப் போகும் லோஞ்சு ஒன்றில் சுக்கானைத் திருப்பும் திருகு தேய்ந்து பல்லுப் போய்விட்டது. வெளிநாட்டுச் சாமான், மில்லிமீற்றர் புரி. அது ஓடுகிற வெண்கல நட்டு ஒரு சாண் நீளம். நட்டு நல்லாயிருந்ததால் கோல் மட்டும் புதிதாக வெட்டினால் போதும். கட்டை நட்டென்றால் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் போகும். இவ்வளவு நீள நட்டுக்குள் புரி அணுவளவு பிசகினாலும் பாதியில் இறுகிவிடும். சுக்கான் நடுக்கடலில் இறுகினால் என்ன நடக்கும் என்று லோஞ்சை ஓட்டும் தண்டல் வந்து நின்று ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய லோஞ்சு ஜெற்றியில் கட்டிக் கிடந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் புரி முடியும் தறுவாய்க்கு வந்தது. போர்மன் ஜும்மாவுக்குப் புறப்பட்டார். தண்டலும் அவரோடு போனார். “இன்னும் ரெண்டு வெட்டு மெல்லிசா வெட்டிப்போட்டு நிப்பாட்டுங்க. கடைசி வெட்டு வந்து நான் போடுறன்” என்று தங்கராசாவிடம் சொல்லி, முடிச்சை ஒருதரம் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். நாங்கள் மற்றவர்கள் சோற்றுப் பார்சலோடு ஜெற்றியடிக்குப் போய்விட்டோம்.

திரும்பி வந்தபோது லேத்து நின்றிருந்தது. தங்கராசா சாப்பிடவில்லை. வெளியே தண்ணீர்ப் பீப்பாவில் முகம் கழுவிக்கொண்டிருந்தான்.

“என்னடா, புதுமாப்பிள்ளை மாதிரி முகம் கழுவுறாய்?” என்றேன்.

“வெக்கையாக் கிடக்கு” என்றான்.

போர்மன் வந்தார். தொப்பியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தார். முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். உளியை ஒரு மயிரளவு முன்னுக்குத் தள்ளி லேத்தைப் போட்டார். தங்கராசா பக்கத்தில் நின்றான். அவன் கண் உளியில் இல்லை. வண்டியிலிருந்த மணிக்கூட்டு முகத்தில் இருந்தது. அதை நான் அப்போது கவனித்தேன், விளங்கவில்லை.

புரிக்குள் உளி ஓடும்போது ஒரு சீரான சீறல் கேட்கும். அன்று கேட்டது வேறு. தகரத்தை ஆணியால் கீறினால் வரும் சத்தம். போர்மன் உடனே நிறுத்தினார். ஆனால் உளி அதற்குள் புரியின் முகட்டை உழுதுகொண்டு நாலைந்து சுற்றுப் போய்விட்டது. பளபளவென்று இருந்த புரியில் குறுக்கே இன்னொரு புரி.

அவர் குனிந்து பெருவிரலால் தடவினார். லேஞ்சி முடிச்சைப் பார்த்தார். கட்டினபடி இருந்தது. அதனால் அவர் “இது ஆர்ட?” என்று கேட்கவில்லை.

“கோல் போச்சு” என்றார்.

மனேச்சர் வந்து கேட்டபோது, “கடைசி வெட்டு என்ட கை, சேர். உளி நகர்ந்தது என்ட கண்ணுக்குத் தெரியல்ல. வயசு போயிட்டுது போல” என்றார். நான் தங்கராசாவைப் பார்த்தேன். அவன் குனிந்து லேத்தடியில் கிடந்த இரும்புச் சீவல்களைக் கூட்டத் தொடங்கினான். அன்று பின்னேரம் போர்மன் ஒரு பழைய புரியை வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடியும் மற்றக் கண்ணை மூடியும் பார்த்துக்கொண்டிருந்தார். தன் கண்ணைச் சோதிக்கிறார் என்று விளங்கியது. தங்கராசாவும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சனிக்கிழமை காலை, நாங்கள் வேலை தொடங்குமுன், அந்த லோஞ்சில் வேலை செய்யும் சூசை என்பவர் இரண்டு பாரை மீனைக் கோர்த்துத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

“எங்க அந்தத் தம்பி? நேற்று ஓடித் தப்பீட்டன், நன்றி சொல்லேல்லை” என்றார்.

“எந்தத் தம்பி?” என்று போர்மன் கேட்டார்.

சூசை தங்கராசாவைக் காட்டினார். பிறகு எல்லாவற்றையும் சிரித்துச் சிரித்துச் சொன்னார். கோல் எந்தளவில் என்று பார்க்க மத்தியானம் வந்தவராம். பார்க்கக் குனிந்தபோது லேத்தின் படுகையில் கையை ஊன்றியிருக்கிறார். அந்த நேரம் வண்டி திரும்பி வந்துகொண்டிருந்தது. அவருடைய கை வண்டிக்கும், கோலின் மறுமுனையைத் தாங்கும் கடைசிக் கட்டைக்கும் நடுவில். “நான் காணேல்லை. இந்தத் தம்பி பாய்ந்து ஒரு துணியைப் பிடுங்கி எறிஞ்சு எதையோ தூக்கினார். வண்டி அப்பிடியே நிண்டிட்டுது. இல்லாட்டி இந்த நாலு விரலும் பாரை மீனுக்குத்தான் போயிருக்கும். இப்ப பாரை எனக்கு வந்திருக்கு.”

ஒருவரும் சிரிக்கவில்லை. லேத்தை நிறுத்தினாலும் அது ஓய்வதற்குச் சில சுற்று எடுக்கும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். லீவரைத் தூக்குவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

போர்மன் சூசையின் கையைப் பிடித்துப் பார்த்தார். புரியைத் தடவுவதுபோல ஒவ்வொரு விரலாகத் தடவினார். “அல்லாஹ் காப்பாத்தினான்” என்றார். பிறகு தங்கராசாவைத் தேடித் திரும்பினார். அவன் நின்ற இடத்தில் இல்லை. பின்கதவு திறந்து கிடந்தது.

அன்று அரைநாள் வேலை. போர்மன் எங்களை ஒரு வேலையும் செய்ய விடவில்லை. நூற்று இருபதுச் சில்லையும் நூறுச் சில்லையும் மேசையில் இரண்டு ஊசியில் மாட்டிப் பல்லோடு பல்லாகப் பொருத்தினார். சந்திக்கும் இடத்தில் இரண்டிலும் ஒவ்வொரு பல்லுக்குச் சோக்குக் கோடு போட்டார். “சுத்துங்க” என்றார். பெரிய சில்லு ஐந்து சுற்றுச் சுற்றியதும் இரண்டு கோடும் மறுபடி சந்தித்தன. பிறகு நூறைக் கழற்றிவிட்டு நூற்று இருபத்தேழை மாட்டி அதேபோலக் கோடு போட்டார். சுற்றினோம். ஐந்து, பத்து, இருபது. கோடுகள் கிட்ட வருவதுபோல் வந்து விலகிப் போயின. கை மாற்றி மாற்றிச் சுற்றினோம். நூற்று இருபதுச் சில்லு நூற்று இருபத்தேழு சுற்றும் முழுதாகச் சுற்றி முடித்த பிறகுதான் கோடும் கோடும் ஒட்டின. நடுவில் ஒருதரமும் இல்லை.

“ஓரங்குலம் இருவத்தஞ்சு தசம் நாலு மில்லிமீற்றர். அஞ்சங்குலம் எடுத்தா மிச்சமில்லாம நூத்தி இருவத்தேழு” என்றார். “அந்த இலக்கத்தை ஒண்டாலயும் பங்கு போட ஏலாது. ரெண்டால, மூண்டால, அஞ்சால, ஏழால, பதினொண்டால. ஒண்டுக்கும் போகாது. அதால சின்னச் சில்லு ரெண்டைச் சேர்த்து அதைச் செய்யவும் ஏலாது. அதேதான் இந்த மணிக்கூட்டு முகத்துக்கும். இலக்கம் ஒண்டு வந்தாலும் உளி பழைய பள்ளத்துக்கு வராது. வழியில சந்திப்பே இல்ல.”

எங்களில் ஒருவன், “அப்ப தங்கராசா இலக்கம் ஒண்டுக்கு மூடியிருப்பான், போர்மன்” என்றான்.

“ஓம். அங்குலப் புரியெண்டா அது சரியான வேலை” என்றார். “திறந்தது பிழையில்ல. திறந்தது எனக்குத் தெரிஞ்சிருந்தா, உளியைக் கண்ணால பார்த்துப் பள்ளத்தில திரும்ப விட்டிருப்பன். அரை மணித்தியால வேலை. நான் முடிச்சைக் காட்டினன், இலக்கத்தைக் காட்டல்ல. நீங்க பயந்தது முடிச்சுக்கு.”

பிற்காலத்தில் என் மகள் பள்ளிக்கூடக் கணக்கு செய்துகொண்டிருந்தபோது அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டேன். “அது முதன்மை எண், அப்பா. பதினொண்டுக்கு மேல வகுத்துப் பாக்கத் தேவையில்லை. பன்னிரண்டைப் பன்னிரண்டால பெருக்கினாலே அதைத் தாண்டீடும்” என்றாள். போர்மன் பதினொன்றோடு நிறுத்தியதன் காரணம் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

தங்கராசா திங்கட்கிழமை வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. “போய்க் கூட்டி வாங்க. திறந்தது பிழையில்ல எண்டு நான் சொன்ன எண்டு சொல்லுங்க. அவன்ட லேத்து அவனுக்குத்தான்” என்று போர்மன் என்னை அனுப்பினார்.

சாம்பல்தீவில் அவன் கரைவலைக்காரரோடு நின்றான். வலை இழுத்துக் கரையேறியபின் என்னிடம் வந்தான். நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். எனக்குச் சொல்லவும் அவ்வளவு நன்றாக வரவில்லை.

“இலக்கம் ஒண்டுக்குப் பாத்துத்தான் மூடினனான்” என்றான்.

“ஓம். அங்குலப் புரியெண்டா சரியாம்.”

“சரியெண்டுதான் நினைச்சன். உளி ஓடத் தொடங்கினாப் பிறகுதான்...” அவன் கைகளைப் பார்த்தான். வலைக் கயிறு அறுத்துச் சிவந்திருந்தன. “அவர் மனேச்சரிட்டத் தன்ர கண் எண்டு சொன்னவர். நான் பக்கத்தில நிண்டனான்.”

“அவர் அதைக் கணக்கில எடுக்கேல்லை, மச்சான்.”

“நீ எடுத்திருப்பாயோ?”

வேறு யாராவது வந்திருந்தால் நாலு வார்த்தை கூடச் சொல்லி அவனை இழுத்து வந்திருப்பார்கள். நான் நின்றுகொண்டிருந்தேன்.

“மூடின நேரம் லேஞ்சியும் கையில கிடந்தது” என்றான். “அவர் கட்டுற மாதிரியே கட்டினன். அதை எப்பிடி நான் பிழையில்லை எண்டு சொல்லுறது?”

அவன் வரவில்லை. மாதம் ஒன்றுக்கு மேலாகப் போர்மன் அந்த லேத்தில் வேறு ஒருவரையும் நிரந்தரமாக நிறுத்தவில்லை. பிறகு மனேச்சர் கேட்டுக்கொண்டே இருந்தபடியால் என் பெயரைக் கொடுத்தார். புதுச் சுக்கான் கோலை நான்தான் வெட்டினேன். லீவரில் ஒன்றும் கட்டவில்லை. நட்டு ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை விரலால் சுற்றப் போனது. தண்டல் தோளில் தட்டினார். மனேச்சர் அதைப் பார்த்துத்தான் எழுதிப்போட்டார். இன்று எனக்கு வரும் ஓய்வூதியம் அந்தக் கோலில் தொடங்கியது. தங்கராசாவின் மனைவிக்குப் பெண்பிள்ளை பிறந்தது என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்க மனம் வரவில்லை.

ஹனிபா போர்மன் அதற்குப் பிறகு ஒருநாளும் லேஞ்சி கட்டவில்லை. புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் முதல் வேலையாகச் சோக்குக் கோடு போட்டுச் சில்லைச் சுற்ற வைத்தார். அவர் ஓய்வு பெற்றுக் கிண்ணியாவுக்குப் போனபின் நான் அதைச் செய்யவில்லை. நாலு பேருக்கு முன்னால் நின்று விளக்க எனக்குக் கூச்சம். ஒவ்வொருவனாகத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன். பிறகு நாட்டில் எல்லாம் மில்லிமீற்றராக மாறியது. புது லேத்தும் வந்தது. அதில் ஒரு பிடியைத் திருப்பினால் அங்குலம், மறுபக்கம் திருப்பினால் மில்லிமீற்றர். சில்லு மாற்றவே தேவையில்லை.

ஓய்வு பெறுவதற்குச் சில வாரம் முன், கடைத்தெருவில் தங்கராசாவைக் கண்டேன். நரைத்துப் போயிருந்தான். மகளுக்குக் கலியாணம் முடிந்துவிட்டதாம். இருவரும் தேநீர் குடித்தோம். எழுந்து போகும்போது, “போர்மன் ஏதோ சில்லைச் சுத்திக் காட்டினவராமே, நான் போனாப் பிறகு?” என்று கேட்டான். இவ்வளவு காலமும் அதை யாரிடமோ கேட்டு மனதில் வைத்திருந்திருக்கிறான்.

“ஓம்.”

“எனக்கு ஒருக்கால் காட்டேலுமோ?”

அப்படித்தான் நான் ஓய்வு பெற்ற அன்று அவன் வந்தான். வெள்ளை வேட்டி கட்டியிருந்தான். மற்றவர்களோடு கதிரையில் இருக்கவில்லை. எல்லாம் முடியும்வரை வாசலில் நின்றான். நூற்று இருபத்தேழை ஆணியிலிருந்து நானே இறக்கினேன். துடைத்து, நூற்று இருபதோடு பொருத்தி மாட்டி, இரண்டு பல்லுக்கும் கோடு போட்டுக் கொடுத்தேன். அவன் சுற்றினான். முதல் சுற்றில் ஏழு பல்லு விலகியது. அடுத்ததில் பதினாலு. அவன் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தான். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டுக் கோடுகளை மட்டும் பார்த்தான். ஒருதரம் அவை ஒரு பல்லு வித்தியாசத்தில் ஒன்றையொன்று தாண்டிப் போயின. அந்த இடத்தில் அவன் உள்ளங்கையை வைத்துச் சில்லை நிறுத்தினான்.

“காணும், இவ்வளவு போதும்” என்றான்.

“இன்னும் கனக்க இருக்கு. சந்திக்கிறதைப் பாக்கேல்லையோ?”

“வேண்டாம். ஒரு பல்லுத்தான். விளங்கீட்டுது.”

கையில் ஒட்டிய சோக்கைத் தட்டிவிட்டு, என் தோளை ஒருதரம் பிடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று புறப்பட்டான். சில்லுகளை நான் கழற்றவில்லை. அவன் போனபின் பெடியன்கள் நீங்கள் வந்து பார்த்தபோது அவை அவன் நிறுத்திய இடத்தில்தான் நின்றன.